கான் வெட்டிய மலைகள்

ஆனி, ஆடி மாதங்களில் நோட்டன் பிரிட்ஜ் பாலத்தடியில் நின்று மழை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சுலபமாக விளங்கும். தென்மேல் பருவக்காற்றை நெஞ்சு கொடுத்து வாங்குகிற மலைகள் எங்களுடையவை. மழை பிடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் கெஹெல்கமு ஓயாவின் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணியின் நிறத்துக்கு வந்துவிடும். என் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "எந்த மலையிலயோ கான் அடைச்சிருச்சுடா" என்பார். இன்ன மலைதான் என்று கூடச் சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

அழகிய பூங்காக்களின் வரலாற்றைப் பேச வந்தவன் சேற்றுத் தண்ணீரில் தொடங்குகிறானே என்று நேயர்கள் நினைக்கலாம். மலையகத்தில் 'தோட்டம்' என்ற சொல்லே இடக்கானது. யாழ்ப்பாணத்திலே தோட்டமென்றால் வெங்காயமும் புகையிலையும். தமிழ்நாட்டிலே பூவும் காயும். எங்களுக்கோ அது பிறந்த ஊர், வேலைத்தலம், விலாசம் எல்லாமே.

பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் தொடங்கப்பட்டது. ஹக்கலைப் பூங்கா 1861இல் உருவானது. இன்று ரோஜாவுக்குப் பேர்போன அந்த இடம் முதலில் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்க ஏற்பட்டது. இவற்றின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஹட்டனிலிருந்து நோட்டன்வரை புகைவண்டிப் பயணியும் வெளிநாட்டவரும் படம் பிடித்துப் போகிற அந்த வரிவரியான பச்சைச் சரிவுகளை வடிவமைத்தவர் யார்? அதை இயற்கை அழகு என்று சொல்லி விடுகிறோம். ஒரு கோடு கூட இயற்கை போட்டதல்ல.

முதலில் வந்தது கோப்பி. காட்டை வெட்டி, நெருப்பிட்டு, புல் பூண்டு இல்லாமல் சுரண்டி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி மடிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதற்கிடையே 1873இல், தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடுவதில்லை என்று அரசு தீர்மானித்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்றும் இருப்பது அதனால்தான். நோட்டன் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. எங்கள் காடுகளுக்குப் பரிந்துபேச எவருமிருக்கவில்லை.

காடு போன சரிவில் மழை விழுந்தால் மண் நிற்குமா? நிற்க வைத்தது கான். குறுக்குக் கான் என்பது மலையைச் சுற்றி ஏறக்குறைய மட்டமாக ஓடும்; 120 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் போதும். அதற்கு மேல் சாய்ந்தால் தண்ணீர் மண்ணை அறுக்கும். குறைந்தால் தேங்கிக் கரை உடையும். கானுக்குள்ளே இடையிடையே வரம்பு விட்டுக் குழி வைப்பார்கள். மண் குழியிலே தங்கும், தெளிந்த நீர் வரம்புக்கு மேலால் வழிந்து போகும். பிறகு அந்த மண்ணை வாரித் தேயிலைத் தூருக்கே போடவேண்டும். கரையில் மானாப்புல், இடையில் முள்முருங்கையும் சவுக்கும். நிழல் வேண்டும், உதிர்ந்த இலை மண்ணை மூட வேண்டும், வேர் பிடிக்க வேண்டும், விறகும் வேண்டும். ஒரு மரத்துக்கு நாலு வேலை. இன்று சூழலுக்கேற்ற நிலவடிவமைப்பு என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

மட்டம் பார்க்கும் கருவி துரையிடம் இருந்தது உண்மை. கருவி காட்டிய கோட்டிலே பாறை குறுக்கிட்டால், ஊற்றுக் கசிந்தால், கானை எப்படித் திருப்புவது என்பது மண்வெட்டி பிடித்தவனுடைய அறிவு. தாத்தா கொந்தரப்புக்குக் கான் வெட்டியவர். கூலி கணக்கில் ஏறியது, அறிவு ஏறவில்லை.

மண் போவதைப் பற்றி அரசுக்கும் கவலை பிறந்தது. 1931இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வந்தது. 1918இலேயே மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று கட்டுரை வாசித்த விமலசுரேந்திராவின் கனவு 1950இல் நோட்டன் அணையும் லக்சபான மின்நிலையமுமாக நிறைவேறியது. ஆற்றை மறித்தால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்தே தேங்கும். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொழும்பில் விளக்கெரிவதற்கும் நோட்டனில் ஒருவன் கானைத் தூர்வாருவதற்கும் உள்ள உறவு இதுதான். எங்கள் லயத்துக்கு வெளிச்சம் வர வெகுகாலம் பிடித்தது என்பது வேறு கதை.

அழகுக்கென்றே கொண்டுவந்தவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1826இல் அலங்காரச் செடியாக வந்த நாயுண்ணி இன்று வேலி தாண்டிக் காடு தாண்டி நிற்கிறது. ஆகாயத்தாமரை 1905இல் வந்தது, பூவின் அழகுக்காக. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதை ஒழிக்கச் சட்டம் போடவேண்டியதாயிற்று! பூவை ரசித்தவர்கள் வேறு, பிடுங்கியவர்கள் வேறு.

எனக்கு ஆறாத ஒன்றுண்டு. தண்ணீரின் போக்கை இவ்வளவு அறிந்தவர்களிடம், அவர்கள் குடியிருக்கும் லயத்தை எங்கே கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. தாத்தா இருந்த லயத்தின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியே இருந்தது. "இது தண்ணி எறங்குற எடம்" என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாராம். மழைக்காலத்தில் பாட்டி சாக்கு விரித்துச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய செய்தி வந்த காலை, எனக்கு முதலில் நினைவில் வந்தது அந்தச் சாக்குத்தான்.

இப்போது எங்கள் பக்கத்தில் பல கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. ஆளில்லை என்கிறார்கள். இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், நானும் போனவன்தான். ஆற்றின் நிறம் முன்னைவிடச் சீக்கிரம் மாறுகிறது.

என் தம்பிக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தது. அத்திவாரம் போடுமுன் அவன் மேட்டுப் பக்கமாக ஒரு கான் வெட்டினான், நடுவே குழி வைத்து, கரையில் மானாப்புல் நட்டு. மேசன் பாஸ் பொறுமையிழந்து நின்றாராம். நான் போயிருந்தபோது வீடு பாதி எழும்பியிருந்தது. கானில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசற் பக்கம் தம்பியின் மகள் டேலியாக் கிழங்குகளை வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தாள்.