தக்காஹாத்தா எடுக்காத படம்

இசாவோ தக்காஹாத்தாவுக்கு வரைய வராது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அனிமேஷன் படங்களை இயக்கிய ஒருவரைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிப்லி நிறுவனம் என்றதும் நம் ஆட்களுக்கு ஹயாவோ மியாசாகிதான் ஞாபகத்துக்கு வருவார். அந்த மியாசாகியை வேலையில் ஏற்றிவிட்ட மூத்தவர் தக்காஹாத்தா.

1935-இல் பிறந்த இவர் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். பால் கிரிமோ என்ற பிரெஞ்சு இயக்குநரின் படத்தைப் பார்த்து, பெரியவர்களுக்கான சிந்தனையைக் கோட்டோவியத்திலும் சொல்ல முடியும் என்று நம்பி, 1959-இல் தோயி அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கம் சூடாக இருந்த காலம். தக்காஹாத்தா சங்கத்தின் துணைத்தலைவர், மியாசாகி செயலாளர். சங்கத்தில் சேர்ந்து நின்றவர்களே அவருடைய முதல் படமான 'ஹோருஸ்' படத்துக்கும் உழைத்தார்கள். 1965-இல் தொடங்கிய வேலை 1968 வரை இழுத்தது. அரக்கனை எதிர்த்து ஒரு கிராமமே ஒன்றுசேரும் கதை அது. அதில் சங்கத்தின் சாயலைப் பார்த்தவர்கள் உண்டு. படம் திரையரங்கில் பத்து நாள்போலத்தான் ஓடியது. அதன்பின் தோயியில் அவருக்கு இன்னொரு முழுநீளப் படம் கிடைக்கவில்லை. 1971-இல் வெளியேறினார்.

அந்தத் தோல்விதான் அவரைத் தொலைக்காட்சிக்குத் தள்ளியது. 1974-இல் வந்த 'ஹைடி' 52 வாரத் தொடர். அதற்காகக் குழுவோடு சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நெருப்பில் உருகும் பாலாடைக்கட்டி, வைக்கோல் படுக்கை, மலையேறும் ஒரு சிறுமியின் மூச்சு என்று எல்லாமே சின்ன விஷயங்கள்தான். சண்டையோ மாயமோ இல்லாமல், அன்றாட வாழ்க்கையை மட்டும் வைத்து வாராவாரம் பார்வையாளரை உட்காரவைக்க முடியும் என்று காட்டினார். வரையத் தெரியாதவரின் பலம் இங்கேதான். ஒரு மனிதர் எப்படி ரொட்டியைப் பிய்ப்பார், எப்படிக் குனிவார் என்று ஓவியர்களைக் கேட்டுக்கேட்டே படுத்தியெடுப்பார்.

இந்தக் கண் 1988-இல் 'மின்மினிகளின் கல்லறை'யில் முழுமையடைந்தது. அகியுகி நோசாகா 1967-இல் எழுதிய கதை அது. கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபின் ஓர் அண்ணனும் குட்டித் தங்கையும் பட்டினியால் சாகிறார்கள். தக்காஹாத்தாவுக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. 1945 ஜூன் 29-ஆம் தேதி ஒக்காயாமா எரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. படுக்கை உடையோடு, காலில் செருப்பில்லாமல், அக்காவுடன் ஓடித் தப்பியவர். படத்தில் உருவங்களின் கோடுகளுக்குக் கறுப்பு வேண்டாம் என்று பழுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தீயின் வெளிச்சம் அந்தக் குழந்தைகளின் மேனியிலேயே தங்கிவிட்டதுபோல இருக்கும்.

அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். அழுது முடித்ததும் கோபமும் வந்தது. "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கெழங்குதான்டா சோறு" என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் ஆயிரக்கணக்கில். படத்தில் அந்தப் பையனின் அப்பா கடற்படை அதிகாரி. மிடுக்கான சீருடையில் வருகிறார். அந்தக் கடற்படை எந்தெந்தக் கரைகளுக்குப் போனது, அங்கே என்ன நடந்தது என்று படம் பேசுவதில்லை. ஜப்பானியக் குழந்தையின் பசி மட்டும் உலகத்துக்குத் தெரிகிறது, நம் பசி தெரியவில்லையே என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இந்தக் கேள்வியைத் தக்காஹாத்தாவும் கேட்டிருக்கிறார். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தாங்கள் பட்ட துன்பத்தை மட்டும் சொல்லும் கதை அடுத்த போரைத் தடுக்காது என்பது அவர் வாதம். இப்படி ஒரு கதி நமக்கு வரக்கூடாது என்று சொல்லித்தானே போரைத் தொடங்குகிறவனும் தொடங்குகிறான்!

பேச்சோடு அவர் நிற்கவில்லை. அடுத்த படமாக அவர் திட்டமிட்டது ஷின் ஷிகாத்தாவின் 'எல்லை' நாவலை. 1939-இல், ஜப்பானின் பிடியிலிருந்த மஞ்சூரியப் பக்கம் நடக்கும் கதை. ஜப்பானை அடிபட்டவனாக அல்ல, அடித்தவனாகக் காட்டியிருக்க வேண்டிய படம். 1989-இல் தியானன்மென் சம்பவம் நடந்தது. சீன மண்ணில் நடக்கும் கதை என்றாலே சிக்கல் என்றானது. திட்டம் கைவிடப்பட்டது. 1991-இல் அவர் கொடுத்தது வேறொரு படம், நகரத்துப் பெண்ணொருத்தி தன் பள்ளிப்பருவத்தை நினைத்துப்பார்க்கும் 'நேற்று மட்டும்'. அதுவும் நல்ல படம்தான். ஆனாலும் எடுக்கப்படாத படத்தின் இடம் காலியாகவே இருக்கிறது.

கடைசிப் படமான 'இளவரசி காகுயா'வுக்கு எட்டு ஆண்டுகள், சுமார் 500 கோடி யென். 2013-இல் வெளிவந்து, வசூலில் அதில் பாதியைத்தான் எடுத்தது. இன்றைய எந்த நிறுவனத்திலும் இப்படியொரு திட்ட மேலாளரை மூன்றாவது மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2018 ஏப்ரல் 5-ஆம் தேதி, 82 வயதில் இறந்தார்.

'மின்மினிகளின் கல்லறை'யை நம் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். காட்டிவிட்டு, பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானின் பக்கத்திலிருந்து அதை எடுக்க ஒருவர் முயன்றார். நம் பக்கத்திலிருந்து, சயாம் ரயிலுக்குப் போன தகப்பனுக்காகத் தோட்டத்தில் காத்திருந்த பிள்ளையின் கதையை, அதே பொறுமையோடு யார் வரையப்போகிறார்கள்?