பிசின் போட்ட கிளேஸ்

ஊறுகாய் ஜாடியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழுக்கும். கல்லாக இறுகும்வரை சுட்ட ஸ்டோன்வேர் மண்ணின் மேல் படிந்த அந்தக் கண்ணாடித் தோலுக்குப் பட்டறையில் கிளேஸ் என்று பெயர். அதை முதலில் பூசிக்காட்டியது விறகுச் சாம்பல். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், ஷாங் வம்சத்துச் சீனாவில், சூளைச் சூடு 1,200 டிகிரியை நெருங்கியபோது பறந்துவந்த சாம்பல் ஜாடிகளின் தோளில் உட்கார்ந்தது. அதிலிருந்த சுண்ணாம்பும் பொட்டாசியமும் களிமண்ணின் சிலிக்காவை உருக்கிவிட, பச்சையும் பழுப்புமாய்க் கண்ணாடி வழிந்தது. தோளுக்கு மட்டும் ஏன், நாமே முழுக்கப் பூசுவோமே என்று குயவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜப்பானில் நகோயாவுக்குக் கிழக்கே சனாகே சூளைகளில், 9-ஆம் நூற்றாண்டில், சாம்பல் கரைசலை பிரஷ்ஷால்தான் பூசினார்கள். பிறகு கலத்தையே கரைசலில் முக்கி எடுக்கும் முறை வந்தது. முக்க மூன்று விநாடி போதும். பிரஷ் என்றால் மூன்று பூச்சு, நடுநடுவே காயவும் வேண்டும். விற்றுப் பிழைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பிரஷ் பூப்போடும் வேலைக்கு ஒதுங்கிக்கொண்டது.

மண்ணும் பிரஷ்ஷுக்கு எதிரிதான். ஒரு சூடு மட்டும் கண்ட கிண்ணத்தை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தாகம். பிரஷ்ஷை வைத்து இழுத்தால் இரண்டு அங்குலம் போவதற்குள் தண்ணீரைக் குடித்துவிடும், மிஞ்சுவது தூள். பிரஷ் தடுக்கும், மேடும் பள்ளமும் விழும். இரும்பு கலந்த கிளேஸ் என்றால் சூளையிலிருந்து வரும்போது தடித்த இடம் கறுப்பு, மெலிந்த இடம் துருப்பழுப்பு.

அந்தத் தாகத்தோடு மல்லுக்கட்டப் பிசின் வந்தது. முதலில் மரப்பிசின், அது சீக்கிரம் ஊசிப்போகும். முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி ஜெர்மனியில், பஞ்சிலும் மரக்கூழிலும் இருக்கும் செல்லுலோஸிலிருந்து இன்னொரு பிசின் உருவானது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று வாய் வலிக்கச் சொல்வானேன், சி.எம்.சி. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும்கூட இருக்கிறது. கிளேஸில் கொஞ்சம் கரைத்தால் மண் உறிஞ்சிவிடாமல் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பிரஷ் ஓடும், கோடுகள் தாமே சமனாகும், காய்ந்த பூச்சு கைபட்டு உதிராது. சூளையில் பிசின் எரிந்து போய்விடும்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மண்வேலை வீட்டுப் பொழுதுபோக்கானது. கொட்டகையில் ஒரு சின்ன மின்சூளை வைத்திருப்பவர் நாலு கிண்ணத்துக்காக வாளி நிறையக் கலக்குவாரா? முக்க வாளி வேண்டும், பிசின் போட்ட கிளேஸைப் பூசக் குப்பி போதும். குறைந்த சூட்டு மண்ணுக்கான குப்பிகள் முதலில் கடைக்கு வந்தன. 1,220 டிகிரி வாக்கில் சுடும் ஸ்டோன்வேருக்கானவை பின்னால் வந்தன.

நம் ஊர் வெயிலுக்கு சி.எம்.சி.யும் தப்பாது. குப்பியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தால் கிருமிகள் பிசினைத் தின்றுவிட்டன என்று பொருள். உள்ளே இருக்கும் தாதுக்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புதிதாகப் பிசின் கரைத்து ஊற்றினால் மறுபடி பூசலாம். இது தெரியாமல் முக்கால் குப்பி பச்சை கிளேஸைக் குப்பையில் போட்டவன் நான்.