மூக்கு உயர்ந்த ஜீப்

மம்சாபுரத்தில் மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு ஜீப் நிற்கிறது. ஆர்.சி. புக்கில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றிருக்கிறது. சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் தடதடக்கும். மாமாவுக்கு முன் அதை வைத்திருந்தவர் எண்பதுகளில் பட்டறையில் கொடுத்து மாற்றியது. ஆபீசில் சொல்லவில்லை.

அந்த ஜீப்பின் பானெட்டை ஒருமுறை பாருங்கள். மூக்கு துருத்தியதுபோல உயரமாக இருக்கும். அதுவே ஓர் எஞ்சின் மாற்றத்தின் தழும்புதான். இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் இருந்த 2.2 லிட்டர் 'கோ டெவில்' எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. அடுத்து வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வை மட்டும் மேலே தூக்கி வைத்தார்கள். சக்தி 60 குதிரையிலிருந்து 70-ஐத் தாண்டியது, எஞ்சினின் உயரமும் கூடியது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. வில்லிஸ் நிறுவனம் பானெட்டையே உயர்த்தி, 1953-ல் 'சிஜே-3பி' என்று விற்றது. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த மூக்கு, மகிந்திராவின் கையில் இந்தியாவில் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது.

1973-ல் கச்சா எண்ணெய் விலை எகிறியபோது பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். டீசலோ மலிவு. மகிந்திராவுக்கு டிராக்டர் எஞ்சின் புதிதல்ல. 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் நிறுவனங்களோடு சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கி, பி-275 டிராக்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த வழியில் வந்த டீசல் எஞ்சின் ஜீப்புக்குள் புகுந்தது. பிரான்சின் பெஜோ டீசல் எஞ்சினும் வந்து சேர்ந்தது.

கம்பெனி செய்ததைப் பட்டறைகளும் செய்தன. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவே துளைபோட்ட ஓர் இரும்புத் தகடு வேண்டும். மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். கூடிய எடைக்கு முன்பட்டை கனமாக வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு கணக்கு இடிக்கும். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும் என்று வைத்துப் போட்ட பல்சக்கர விகிதம் அப்படியே இருக்கிறது. டிராக்டர் எஞ்சினோ அதற்கு வெகு கீழேயே கவர்னரால் கட்டுப்பட்டது. மாமா சுருக்கமாகச் சொல்வார்: "மாப்ள, இது டிராக்டர் எஞ்சின். இழுக்கச் சொன்னா இழுக்கும், ஓடச் சொன்னா அழும்."

செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்கு வேண்டியதும் அந்த இழுவைதான். மாங்காய்க் கூடை, தேங்காய் மூட்டை, மோட்டார் பம்ப் எல்லாம் அதில்தான் ஏறின.

கம்பெனி எஞ்சினை மாற்றினால் அது புது மாடல். பட்டறை மாற்றினால் குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்தது. இதை அநியாயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஜீப்பின் பிரேக்கை மிதித்துப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் கனத்தது, பிரேக் கனக்கவில்லை. கம்பெனி மாற்றும்போது கூடவே நிறைய சோதனையும் நடக்கிறது. பட்டறையில் சோதித்தது ஓட்டுநரின் கால் மட்டுமே.

இந்த மாதிரி பட்டறை வேலைக்கு எங்கும் வரைபடமோ பில்லோ இல்லை. கம்பெனி வரலாற்றில் ஜீப் எப்படி டீசலானது என்று படிக்கலாம். மம்சாபுரத்து ஜீப் எப்படி டீசலானது என்பதற்கு அந்த இரும்புத் தகடு ஒன்றுதான் சாட்சி.

போன மாதம் பழைய இரும்புக்காரர் எடை போட்டு விலை சொன்னார். மாமா பதில் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.