ரயில்வே ஊழியரும் வங்கி ஊழியரும்

பினாங்கில் கூடைப்பந்து என்றாலே சீனப் பள்ளித் திடல்கள்தான் நினைவுக்கு வரும். தண்ணீர்மலை வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால், பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ‘போலா ஜாரிங்’ என்பார்கள், பையன்கள் கால்பந்து என்பார்கள். அதனால், தொழிலாகக் கூடைப்பந்து ஆடிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் கடல் தாண்டித்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்தவர்கள் இருவர்: சென்னையின் அனிதா பால்துரை, யாழ்ப்பாணம் ஈவினையின் தர்ஜினி சிவலிங்கம். முதலாமவர் ஆடியது கூடைப்பந்து. இரண்டாமவர் ஆடியது அதிலிருந்து பிறந்த வலைப்பந்து, அதாவது நம் போலா ஜாரிங்.

வலைப்பந்தைக் கூடைப்பந்தின் தங்கை என்பார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. வளையத்தின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர்தான், ஆனால் விதிகள் ஆட்டக்காரரின் வாழ்க்கையையே வேறாக்கிவிடுகின்றன. கூடைப்பந்தில் ஐந்து பேரும் ஓடலாம், பந்தைத் தட்டிக்கொண்டே முன்னேறலாம், யார் வேண்டுமானாலும் கூடையில் போடலாம். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. மூன்று வினாடிக்குள் கைமாற்ற வேண்டும். எழுவரில் இருவர் மட்டுமே, அதுவும் அரைவட்டத்துக்குள் நின்று, கோல் போடலாம். அந்த இருவரில் ஒருவர் 2.08 மீட்டர் உயரம் இருந்தால் என்ன ஆகும்?

தர்ஜினிதான் ஆகும்! உலக வலைப்பந்தில் மிக உயரமானவர் என்று பெயர் வாங்கியவர். தெருவில் திரும்பிப் பார்க்க வைத்த அதே உடம்புதான் அரங்கில் அவரை யாரும் தடுக்க முடியாதவராக்கியது. “உயரம் மட்டும்தானே” என்று சொல்பவர்கள் அந்த வட்டத்துக்குள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் இருவர் முட்டிக்கொண்டு நிற்க, தலைக்கு மேல் வரும் பந்தை ஒரே கையால் பிடித்து, சமநிலை தவறாமல், பின்பலகை இல்லாத வளையத்தில் இறக்குவது உயரத்தால் மட்டும் வருவதில்லை. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் இலங்கை பதினைந்தாம் இடம். ஆனால் தொடரில் அதிக கோல் போட்டவர் தர்ஜினி. அணி தோற்றுக்கொண்டே இருக்க, எல்லாப் பந்தும் ஒருவரையே தேடி வந்திருக்கிறது.

அனிதாவின் கதையில் இப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. 2000 முதல் 2017 வரை இந்திய அணி, பத்தொன்பது வயதில் தலைமை, ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்கள். திருமணமும் பிரசவமும் வந்தபின் இந்தியாவில் பெரும்பாலான வீராங்கனைகளின் ஆட்டம் முடிந்துவிடும். இவர் தாயான பிறகும் திரும்பி வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. இரண்டே புள்ளி! 2021இல் பத்மஸ்ரீ.

இருவருக்கும் சோறு போட்டது எது? அனிதாவுக்குத் தெற்கு ரயில்வே, தர்ஜினிக்கு செலான் வங்கி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்தவர் தேசியப் போட்டியில் ரயில்வே அணிக்காக ஆடுவார். சொந்த மாநிலமான தமிழ்நாடு எதிரணியாக நிற்கலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் இருந்ததால்தான் அனிதாவால் பதினெட்டு ஆண்டுகள் நிற்க முடிந்தது என்பது என் கணிப்பு.

தர்ஜினிக்கு இன்னொரு பாரமும் இருந்தது. இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்த அதே 2009இல், நம் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை பட்டம் வென்றது. சிங்களப் பெண்கள் நிறைந்த அணியில் பெயர்பெற்ற தமிழ்ப் பெண் இவர். அவர் போட்ட ஒவ்வொரு கோலையும் ‘நல்லிணக்கம்’ என்று பத்திரிகைகள் எழுத ஆசைப்பட்டன. இந்தப் பொறுப்பை அனிதாவின் தோளில் யாரும் ஏற்றவில்லை. 2018இல் சிங்கப்பூரில் இறுதியாட்டத்தில் 69–50 என்று வென்று இலங்கை மீண்டும் ஆசியப் பட்டத்தை எடுத்தது. 2022 ஆசியப் போட்டியிலும் தர்ஜினி இருந்தார், நாற்பதைத் தாண்டி.

தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சொல்லுக்கு உண்மையில் பொருந்துபவர் தர்ஜினிதான். மெல்பர்னில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடி, 2019இல் காயமடைந்த ஒருவருக்கு மாற்றாகக் காலிங்வுட் மேக்பைஸ் அணியில் இடம்பெற்றார். அந்த அணி ஆடியது ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கில். இருபத்தைந்து வயதில் வரவேண்டிய ஒப்பந்தம் நாற்பதை ஒட்டி வந்தது. அனிதாவுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. அவர் ஆடிய காலத்தில், பெண்கள் ஆண்டு முழுவதும் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிக்கும் லீக் ஒன்று இந்தியாவில் இல்லவே இல்லை.