குகைச் சித்திரங்களில் மனித ரூபம்: இலங்கையில் பொருள்விளக்கத்தின் வரலாறு

ஆதிமனிதர் பாறைச் சுவர்களில் தம்மைத் தாமே வரைந்துவைத்த உருவங்களின் கருத்து யாது என்னும் வினா, ஐரோப்பாவில் எழுந்த அளவுக்கு இலங்கையிலும் எழுந்ததாயினும், இங்கே அதற்குக் கிடைத்த விடை வேறு தன்மையது.

இங்கே ஆதிமனிதர் குகைகளில் வாழ்ந்தமைக்குச் சான்று உண்டு. ருவான்வெல்லையிலிருந்து யட்டியாந்தோட்டை வழியாகச் செல்லும் பாதையில் உள்ள கித்துல்கலையின் பெலிலென குகையில், தொல்லியலாளர் சிரான் தெரணியகல 1978 முதல் நடத்திய அகழ்வு, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்தனர் என்பதை ஸ்தாபித்தது. களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையிலோ, அதனினும் பழைய படைகளில் வர்ணக்கற்களும் கிடைத்துள்ளன; எனினும் அவ்வர்ணம் சுவரில் தீட்டப்பட்டதா, உடலில் பூசப்பட்டதா என்பதைக் கற்கள் சொல்வதில்லை.

மனித உருவங்கள் காணப்படுவது பெரும்பாலும் வறண்ட பிரதேசத்திலுள்ள தந்திரிமலையிலும், இலங்கையின் பழங்குடியினரான வேடர் வாழ்ந்த கிழக்குப்புறக் குகைகளிலுமே. 1911இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர், வேட்டைக்குச் சென்ற ஆடவர் திரும்பும்வரை காத்திருந்த பெண்டிர், சாம்பலை உமிழ்நீரிற் குழைத்து விரலால் பாறையில் தேய்த்து, பொழுதுபோக்காகவே அவ்வுருவங்களை வரைந்தனர் என்று வேடர் வாய்மொழியாகப் பதிவு செய்தனர். உலகின் மிகச் சில இடங்களிலேயே, வரைந்தவரின் சமூகத்தாரிடம் நேரே கேட்டறிந்த இத்தகைய சாட்சியம் உண்டு.

ஐரோப்பாவிலோ, குகைச் சித்திரங்களைச் சாலமன் ரெய்னாக் என்னும் அறிஞர் 1903இல் வேட்டை மந்திரம் என்றார்; 1940இல் கண்டறியப்பட்ட லாஸ்கோ குகையின் பறவைத்தலை மனிதன் பல ஊகங்களுக்கு இடமளித்தான்; ஆய்வாளர் க்ளோத்தும் லூயிஸ்-வில்லியம்ஸும் 1996இல், இச்சித்திரங்கள் ஆவேசநிலையில் பூசாரிகள் கண்ட காட்சிகள் என்றனர். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு: வேடரும் கிரிகொரஹ சடங்கில் ஆவேசமுற்று ஆடி, இறந்த முன்னோரை அழைத்தவரே. ஆவேசம் நன்கறிந்த அச்சமூகமே தன் சித்திரங்களை அதனோடு இணைத்துச் சொல்லவில்லை என்பதால், ஆவேசவாதத்தை எல்லாக் குகைகளுக்கும் பொதுவாக்குவது பொருந்தாது என்பதே நம் துணிபு. அதுபோலவே, அண்மைக்கால வேடர் வாய்மொழியைக் கொண்டு பனிக்கால ஐரோப்பியரின் மனத்தை அளப்பதும் தகாது.

இலங்கையிலும் எல்லாவற்றுக்கும் இத்தகைய வாய்மொழி இல்லை: கேகாலை மாவட்டத்தின் தொரவக்கைக் குகையிலுள்ள பாறைக் கீறல்களுக்குச் சாட்சி கூற எவரும் எஞ்சவில்லை. ஆதலின் அவற்றுக்குச் சொல்லப்படும் பொருள் எதுவாயினும் அபிப்பிராயம் என்றே கொள்ளத்தக்கது.