நிலத்தடி நீர்க் கணக்கும் அதன் சொற்களும்

மண்ணுக்கடியில் மறைந்துள்ள நீரை மதிப்பிட அறிவியலார் கையாள்வது பேரேட்டு முறையே ஆகும். மழைநீர், கால்வாய்க் கசிவு, வயலில் பாய்ந்து கீழிறங்கும் நீர் ஆகியவை வரவு. கிணற்று எடுப்பு, ஆற்றுக்கு வடிவது, வேர்கள் உறிஞ்சுவது ஆகியவை செலவு. இவற்றின் வேறுபாடே கிணற்றில் நீர்மட்ட ஏற்ற இறக்கமாகத் தோன்றுகிறது. ஆழமற்ற நீர்தாங்கி அடுக்குகளுக்குரிய இக்கணக்கு இந்தியாவில் வளர்ந்த வரலாறு, அதில் வழங்கிய சொற்களின் வரலாறும் ஆகும்.

‘பாதுகாப்பான எடுப்பு’ என்னும் கருத்தை 1915இல் அமெரிக்கரான சார்லசு லீ முன்வைத்தார். இருப்பு ஆபத்தான அளவு குறையாமல் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரின் எல்லையை அது குறித்தது. வரவு முழுவதையும் எடுத்தாலும் இழப்பில்லை என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. 1940இல் சி. வி. தைசு இதனைத் தெளிவாக்கினார். கிணறு எடுக்கும் ஒவ்வொரு துளியும் வரவின் பெருக்கத்தாலோ, இயற்கை வடிவின் குறைவாலோ, இருப்பின் குறைவாலோ ஈடுசெய்யப்பட்டாக வேண்டும். எனவே இருப்புக் குறையாத இடத்திலும் ஆறு வற்றக்கூடும்.

இந்தியாவில் கங்கை-யமுனை இடைநிலத்திற்கென மழையளவையும் நீர்ச்செறிவையும் இணைக்கும் வாய்பாட்டை 1936இல் ஆர். எஸ். சதுர்வேதி வகுத்தார். தோராய மதிப்பீட்டிற்கான நெறிமுறைகளை 1972இல் மைய வேளாண் அமைச்சகம் மாநிலங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுப்பியது. 1982இல் அமைக்கப்பட்ட நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1984இல் சீரான முறையைப் பரிந்துரைத்தது. எடுப்பு 65 விழுக்காட்டிற்குக் கீழிருந்தால் வெள்ளை, 85 வரை சாம்பல், அதற்கு மேல் இருள் என வட்டாரங்கள் பகுக்கப்பட்டன. இருள் வட்டாரத்தில் கிணறு வெட்ட நிறுவனக் கடன் பெறுவது அரிதாயிற்று. ஒரு நிறப்பெயர் உழவரின் வாழ்வைத் தொட்டது.

அப்பெயருக்கு அடிப்படையான கணக்கின் நுட்பம் நோக்கத்தக்கது. நிலப்பரப்பையும் நீர்மட்ட உயர்வையும் பாறையின் நீர் வடிதிறனையும் பெருக்கினால் வரவு கிடைக்கும். 1997ஆம் ஆண்டுக் குழுவின் நெறிமுறைப்படி, களிமண் குறைந்த சிதைவுற்ற கருங்கற் பாறையின் வடிதிறன் 3 விழுக்காடு. களிமண் மிகுந்ததற்கு 1.5 விழுக்காடு. ஒரு சதுரக் கிலோமீட்டரில் நீர்மட்டம் 4 மீட்டர் உயர்ந்தால் முன்னதில் 1,20,000 கனமீட்டரும் பின்னதில் 60,000 கனமீட்டரும் வரவாகும். மழைக்கால எடுப்பு முதலியவற்றை ஒதுக்கிவிட்டு, ஆண்டு எடுப்பு 90,000 கனமீட்டர் எனக் கொள்வோம். முதற் கணக்கில் எடுப்பு 75 விழுக்காடு. இரண்டாவதில் 150 விழுக்காடு. மண்ணின் தன்மையைப் பிழைபடக் கணித்தால் வற்றும் ஊரும் வளமான ஊராகத் தோன்றிவிடும்.

சராசரியும் இவ்வாறே மயக்கம் தரும். 2004ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் மொத்த எடுப்பு 58 விழுக்காடே. ஆயினும் மதிப்பிடப்பட்ட 5,723 அலகுகளுள் 839 அலகுகளில் எடுப்பு மிகையாக இருந்தது. ஓரிடத்து மிச்சம் மற்றோரிடத்துக் கிணற்றை நிரப்புவதில்லை.

1997இல் நிறப்பெயர்கள் நீங்கிப் பாதுகாப்பு, நெருக்கடி, மிகைச்சுரண்டல் போன்ற பொருள் வெளிப்படும் பெயர்கள் வந்தன. எனினும் எடுப்பு விகிதம் ‘நிலத்தடி நீர் வளர்ச்சி நிலை’ என்றே வழங்கியது. வளர்ச்சி 120 விழுக்காடு என்று படிப்பவர் அதைச் சாதனையாகக் கருதினால் வியப்பில்லை. உண்மையில் அது இருப்பின் அழிவு. 2015ஆம் ஆண்டு முறையில் அத்தொடருக்குப் பதிலாக ‘எடுப்பு நிலை’ என்பது இடம்பெற்றது. இம்மாற்றத்தால் நீர் ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் செலவு செலவென்றே அழைக்கப்படலாயிற்று. பேரேடு பயன்பட வேண்டுமாயின் எண்கள் சரியாக இருப்பது போலவே அவற்றின் தலைப்புகளும் சரியாக இருத்தல் வேண்டும்.