பஸ்ஸை ஓட்டுவது யார், வசூல் யாருக்கு?

வாணியம்பாடி பஸ் நிலையத்தில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் அருகருகே நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். கட்டணத்தை இரண்டுக்கும் அரசே நிர்ணயிக்கிறது. ஆனால் தனியாருக்கு அரசு கொடுப்பது பெர்மிட் மட்டுமே. டிக்கெட் வசூல்தான் அவருக்கு வருமானம். கூட்டமில்லாத நடையை ஓட்டினால் டீசல் செலவு அவர் தலையில். 2021 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் நம் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம் அவர் பஸ்ஸில் இல்லை.

சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வேறொரு முறை வந்தது. வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ்ஸும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. நடத்துநரும் டிக்கெட் பணமும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேரும். ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு நிறுவனத்துக்குப் பணம் தரப்படுகிறது. வசூல் கழகத்துடையது என்பதால் சலுகைகளையும் கழகமே தர முடியும். லண்டனிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: தடமும் கட்டணமும் நகர நிர்வாகத்தின் கையில், ஓட்டுவது டெண்டர் எடுத்த கம்பெனிகள்.

இதில் பஸ் காலியாக ஓடினால் நஷ்டம் கழகத்துக்கே. எனவே ஒப்பந்தத்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

நமதூரில் இன்னும் பெர்மிட் முறைதான். பெர்மிட்டில் உள்ள நேரப்படி பஸ் வராவிட்டால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நாம் புகார் செய்யலாம்.